வளையத்துக்கு அடியில்

பீப்பாய் என்றால் குறையும். அதுதான் அதன் குணம். மரத்துக்குள் அடைத்த ஒயின் மூச்சு விடும், மூச்சோடு கொஞ்சம் காற்றில் போகும், போன அளவை வாராவாரம் ஊற்றி நிரப்ப வேண்டும். துர்வால் ஊரில் பிள்ளைக்குப் பால் கொடுக்க மறந்தவளைக்கூட மன்னித்துவிடுவார்கள், பீப்பாய்க்கு ஊற்ற மறந்தவனை மன்னிக்க மாட்டார்கள். ஆகவே அந்த நவம்பர் பகலில், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த தன் நிலவறையின் கடைசி வரிசையில், ஒர்த்தான்ஸ் கர்புவே ஒரு பீப்பாயின் மேல்வாய் அடைப்பானைத் தட்டிக் கழற்றியபோது உள்ளே ஒரு விரல் ஆழத்துக்காவது வெறுமை இருக்கும் என்று நம்பித்தான் கழற்றினாள்.

ஒயின் பொங்கி வழிந்தது.

பீப்பாயின் வயிற்றில் இறங்கி, இரும்பு வளையங்களில் தயங்கித் தயங்கி, கீழே சுண்ணாம்புத் தரையில் சொட்டியது. ஒர்த்தான்ஸ் கையில் நிரப்பும் குவளையோடு நின்றாள். பக்கத்தில் விளக்கைப் பிடித்திருந்த ஃபிர்மேனும் நின்றான். அவன் அவளிடம் வேலைக்கு வந்தபோது அவன் தலை கறுப்பு, அவள் புருஷன் உயிரோடு இருந்தான். இப்போது இரண்டும் இல்லை.

"நல்லதுதானே முதலாளியம்மா," என்றான் ஃபிர்மேன். "கடவுளா பார்த்துக் கூட ஊத்தியிருக்காரு."

"கடவுள் என்னைக்குய்யா வியாபாரிக்குச் சும்மா குடுத்திருக்காரு? ஒருகையால ஊத்தினா மறுகையால எடுத்திருப்பாரு. விளக்கைக் கிட்டக் கொண்டா."

கழுத்துச் சங்கிலியில் தொங்கிய தட்டையான வெள்ளிக் கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்து, விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தாள். நிறம் வெளிறியிருந்தது. நாக்கில் வைத்தாள். முதலில் அவளுடைய ஒயின்தான் வந்தது, சீமை மாதுளையும் தேனும் கலந்த அந்தப் பழகிய வாசம். அதற்குப் பின்னால், விருந்தினர் முதுகுக்குப் பின்னால் நுழைகிற திருடனைப் போல, வேறொன்று வந்தது. குளிர். சேறு. நாணல் அழுகிய நாற்றம். லுவார் ஆற்றில் குளித்து வளர்ந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துப்பினாள். பல்லிடுக்கில் ஏதோ நறநறத்தது. கிண்ணத்தின் அடியில் பொடி மணல், ஒரு சிட்டிகை.

"ஃபிர்மேன்."

"என்னைப் பார்க்காதீங்க. நான் குடிச்சா குடிச்சேன்னு சொல்லிருவேன். தண்ணி கலக்கற சாதி நான் இல்ல."

அவன் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரியும். ஃபிர்மேன் திருடினால் நேர்மையாகத் திருடுவான். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு குவளை, அதுவும் அவள் பார்க்கும்படி.

துர்வால் வியாபாரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பீப்பாயைக் கண்டாலும், பேச்சு எதுவாக இருந்தாலும், கட்டைவிரல் தானாகப் போய் இரும்பு வளையத்தின் ஓரத்தில் ஒரு சுற்று ஓடித் திரும்பும். ஏன் என்று இளசுகளுக்குத் தெரியாது. அப்பன் செய்தான், நாங்களும் செய்கிறோம் என்பார்கள். ரயில் வருவதற்கு முன்பு சரக்கெல்லாம் ஆற்றில்தான் போனது. படகுக்காரர்கள் வழியில் பீப்பாயின் வளையத்தை ஒரு விரல் அகலம் தட்டி நகர்த்துவார்கள். அந்த இடத்தில் துளையூசியால் ஒரு பொத்தல். நாணல் குழாயை விட்டு வேண்டிய மட்டும் உறிஞ்சிக்கொண்டு, எடுத்த அளவுக்கு ஆற்றுத் தண்ணீரை ஊற்றி, ஆற்றோர வில்லோ மரக் குச்சியில் ஒரு முளை சீவி அடைத்து, வளையத்தைப் பழையபடி அதன் மேல் தள்ளிவிடுவார்கள். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டைவிரலுக்கு மட்டும் தெரியும்.

ஒர்த்தான்ஸின் கட்டைவிரல் நடு வளையத்தில் பாதிச் சுற்று ஓடி நின்றது.

"சுத்தியலைக் குடு."

வளையத்தைத் தட்டி நகர்த்தினாள். அடியில், மரத்தோடு மரமாக, ஒரு முளை. இழுத்தாள், வந்தது. சுண்டுவிரல் நீளம். முனை பச்சையாக இருந்தது. நகத்தால் கீறினால் பால் கசியும் என்பதுபோலப் பச்சை. இன்று காலையில் சீவியது.

அப்படிச் சீவத் தெரிந்த படகுக்காரன் இந்த ஆற்றில் செத்து ஒழிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஃபிர்மேன் நெற்றியில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். "நாளைக்கு லகார்த் வர்றாரு," என்றான், அதுவும் ஒரு பிரார்த்தனை மாதிரி.

நாளை லகார்த் வருகிறார் என்பதுதான் ஒர்த்தான்ஸின் தலைக்குள்ளும் ஓடியது. ஆற்றின் கீழ்ப்பக்கத்துப் பெரிய மொத்த வியாபாரி, வழுக்கைத் தலை, மெத்தென்ற கை. துர்வாலில் பாதிக் குகைகள் இப்போது அவர் பெயர்ப்பலகையின் கீழ். போன வாரம் சாப்பாட்டு மேஜையில் விலாங்குக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்தபடியே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "உங்க ஒயின் நல்லா இருந்தா ஒயினை வாங்கறேன் மதாம். நல்லா இல்லேன்னா குகையை வாங்கறேன். வெறுங்கையோட மட்டும் போக மாட்டேன்." இரண்டு வருஷம் தொடர்ந்து உறைபனியில் கொடி கருகியது, வருஷமெல்லாம் கண்விழித்துத் தப்பவைத்தது இந்த ஒரு அறுவடை. இதில் ஆற்றுத் தண்ணீர் என்று ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பினால், வாசலுக்கு மேல் கல்லில் வெட்டிய கர்புவே என்ற பெயரை லகார்த்தின் ஆட்கள் ஒரே மத்தியானத்தில் செதுக்கி எடுத்துவிடுவார்கள்.

அவளும் ஃபிர்மேனும் அடுத்த பீப்பாயைத் தட்டிப் பார்த்தார்கள். முளை. அடுத்தது. முளை. கடைசி வரிசை முழுக்க. அதற்கு முந்தைய வரிசையில் பாதி.

"முதலாளியம்மா, ஒண்ணு கேக்கணும். கோவப்படக் கூடாது."

"கோவப்படற மாதிரி கேக்காதே."

"அந்தக் கீழ்க்கதவு. அதை அறுத்துக் கட்டை போட்டீங்களே... கடைசி வரிசை அது மேலதானே படுத்திருக்கு?"

ஒர்த்தான்ஸ் பதில் சொல்லவில்லை. பேரத்தில் முதலில் வாய் திறப்பவன் தோற்பான் என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறார்; அது கேள்விகளுக்கும் பொருந்தும்.

நிலவறைக்கு இரண்டு வாசல்கள். ஒன்று தெருவுக்கு. மற்றொன்று, உள்ளே கடைசியில், பழைய படகுத்துறைக்குச் சரிந்து இறங்கும் சுரங்க வழியின் முடிவில். பெருவெள்ளம் வந்த அன்று, தெருமுனைச் சுவரில் ஆளுயரத்துக்கு மேலே 1856 என்று கோடு வெட்டியிருக்கிறார்களே அந்த வெள்ளம், துறையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்து, படகுக்காரர்கள் அந்தச் சரிவில்தான் ஏறி வந்தார்கள். உள்ளே வியாபாரிகள், அவர்கள் குடும்பம், அவர்கள் சரக்கு. ஈரத்தில் மரம் ஊதிக் கதவு சிக்கிக்கொண்டது, திறக்க முடியவில்லை, வெளியே நின்றவர்கள் மூழ்கிப்போனார்கள்: இதுதான் துர்வாலில் சொல்லும் கதை. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். பூசையிலும் அப்படித்தான். ஆனால் ஊதிச் சிக்கிய கதவுக்கு உள்பக்கம் குறுக்குக்கட்டை எதற்கு, அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைய முதலாளி ஒகுஸ்தின் கர்புவே அதன்பின் சாகும்வரை ஒயினில் வாய் வைக்காதது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே விட்டிருந்தால் குடித்தே தீர்த்திருப்பார்கள், திருட்டுப் பயல்கள், என்று குடிபோதையில் சில கிழடுகள் முணுமுணுப்பதோடு சரி.

போன வசந்தத்தில் ஒர்த்தான்ஸ் அந்தக் கதவைக் கழற்றிவிட்டு அங்கே கல்சுவர் எழுப்பினாள். கதவு நல்ல ஓக் மரம், கைப்பிடிக் கனம், காலம் காலமாகக் காய்ந்து இரும்பானது. அதைச் சும்மா போட்டு வைக்க அவள் என்ன பிரபு வீட்டுப் பெண்ணா? அறுத்துப் பீப்பாய்க்குத் தாங்குகட்டையாக்கச் சொன்னாள். அறுக்க வந்த தச்சன் கதவின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்ன மதாம், இவ்வளவு கீறல்?" என்றான். "எலி," என்றாள். "எலிக்கு இவ்வளவு உயரம் எட்டுமா?" "பெரிய எலி. அறு." கீறல் பக்கம் கீழே இருக்கும்படி போடச் சொன்னாள். கூலியிலும் கொஞ்சம் குறைத்தாள்.

"அவங்க முட்டின கதவு மேல அவங்க தொட முடியாத சரக்கை வெச்சிருக்கோம்," என்றான் ஃபிர்மேன். "பசிச்சவன் முதுகுல சாப்பாட்டு மேஜை போட்ட மாதிரி. குகையைக் குடுத்துருங்க முதலாளியம்மா. லகார்த் எடுத்துக்கட்டும். இந்தக் கொடுப்பினையும் சேர்த்து அவரே எடுத்துக்கட்டும்."

"போய்த் தொலை. நாளைக்குக் காலையில சவரம் பண்ணிட்டு வா, ஆள் மாதிரி."

"நீங்க?"

"நான் இங்க இருக்கேன். என் வீட்ல திருட வர்றவனை நான் பார்க்க வேணாமா?"

அவன் விளக்கை அவள் காலடியில் வைத்துவிட்டு, வாசல்வரை போய், திரும்பி, "உங்களை 'பெரிய பீப்பாய்'னு ஊர்ல சொல்றாங்க, தெரியுமா?" என்றான். அழாமல் இருக்க அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

"தெரியும்," என்றாள் அவள். குட்டை, உருண்டை, இடுப்பில் சாவிக்கொத்துத் தொங்கும் அகலமான தோல்வார். அந்தப் பெயரை வைத்தவனை அவளால் குறை சொல்ல முடியாது. "காலிப் பீப்பாய்னு சொல்லாத வரைக்கும் சரி."

கதவு மூடியது. மாலை மங்கும் நேரந்தான், தெருவில் இன்னும் பிள்ளைகள் சத்தம் கேட்டது; பிறகு பனிமூட்டம் இறங்கியிருக்க வேண்டும், அதுவும் கேட்காமல் போயிற்று. பாறைக்குள் பகலும் இல்லை இரவும் இல்லை. கவிழ்த்த திராட்சைக்கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்து, மடியில் மரச்சுத்தியலை வைத்துக்கொண்டு, ஆட்டுப்பால் கட்டியை ரொட்டியில் வைத்துத் தின்றாள். ஒயினும் ஈரச் சுண்ணாம்பும் பழைய காளானும் கலந்த வாசம், பிறந்ததிலிருந்து அவள் மூக்குக்குப் பழகி வாசமே இல்லாமல் போன வாசம், அன்று தனித்தனியாக அவிழ்ந்து ஒவ்வொன்றாக அவளிடம் வந்து நின்றது. பாறைக்கு அப்பால் மழையில் ஊதிய ஆறு கரையை உரசிக்கொண்டு போகும் சத்தம், சத்தமென்றுகூடச் சொல்ல முடியாமல் முதுகெலும்பில் ஒரு நடுக்கமாக, கூடைக்கடியில் தரைவழியே ஏறி வந்தது.

கூரையில் தொங்கிய மின்விளக்கு ஒருமுறை மங்கி, யோசித்து, அணைந்தது.

ஃபிர்மேன் வைத்துவிட்டுப் போன மெழுகுவர்த்தி விளக்கு இருந்தது. நிலவறையில் மெழுகுவர்த்தி வைப்பது வெளிச்சத்துக்கு மட்டுமில்லை. ஒயின் புளிக்கும்போது கெட்ட காற்றுச் சேர்ந்தால் சுடர்தான் முதலில் சாகும், பார்த்துக்கொண்டு வெளியே ஓடிவிடலாம். ஒர்த்தான்ஸ் சுடரைப் பார்த்தாள். சாகவில்லை. சாய்ந்தது. தெருக்கதவுப் பக்கம் அல்ல, உள்ளே, கல்சுவர் பக்கம். அந்தச் சுவருக்கு அப்பால் யாரோ நீளமாக மூச்சை உள்ளிழுப்பதுபோல.

பிறகு வாசம் மாறியது. தார். நனைந்த சணல் கயிறு. விலாங்கின் வழவழப்பு. பல நாள் கழற்றாத கம்பளிச்சட்டை.

டக்.

இரும்பில் இரும்பு. மெதுவாக, தொழில் தெரிந்த கை. வளையத்தை ஒரு விரல் அகலம் நகர்த்தும் தட்டு.

ஒர்த்தான்ஸ் எழுந்திருக்கவில்லை. கால்கள் எழுந்திருக்க மறுத்தன, அவள் அதைத் தன் முடிவு என்றே வைத்துக்கொண்டாள்.

கிர்ர்.

நின்றது.

கிர்ர். கிர்ர்.

மரத்தூள் உதிரும் சத்தம்கூடக் கேட்டது, அவ்வளவு அமைதி. பிறகு உறிஞ்சும் சத்தம். தாய் முலையில் பிள்ளை குடிப்பதுபோல நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிற சத்தம். ஒன்று முடிய அடுத்தது. வரிசையில் நின்று குடிக்கிறார்கள். முண்டியடிக்கவில்லை. அத்தனை காலம் காத்திருந்தவர்களுக்கு என்ன அவசரம்.

குளுக். குளுக். குளுக்.

இது ஊற்றுகிற சத்தம்.

அந்தச் சத்தத்தில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. பயம் அவள் கால்களைப் பிடித்திருந்தது உண்மை; ஆனால் நாக்கு கோபத்தின் கையில் இருந்தது. விளக்கைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள்.

யாரும் இல்லை. பீப்பாய்களின் வயிற்றில் ஈரக் கைத்தடங்கள் இருந்தன. மரத்தில் கறுப்பாக, புதிதாக. ஒவ்வொரு விரலும் முனையில் மழுங்கி, தேய்ந்து, குட்டையாக. நகமே இல்லாத விரல்கள். கதவைப் பிராண்டித் தேய்த்த விரல்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, பீப்பாயின் பலகையில் இன்னொரு தடம் பூத்தது.

"குடிச்சாச்சா?" என்றாள்.

உறிஞ்சும் சத்தம் நின்றது.

"ஒகுஸ்தின் கர்புவே கதவை மூடினாரு. ஊதிப் போச்சு, சிக்கிக்கிச்சுன்னு நான் கதை சொல்ல மாட்டேன். மூடினாரு. அவரு மேட்டுக் கல்லறையில கிடக்காரு, அவரோட வழக்கை அங்க போய்ப் பேசுங்க. இது அவரு சரக்கு இல்ல, என் சரக்கு. உறைபனியில கொடிக்குக் கொடி நெருப்பு மூட்டி, கண்ணு எரிய எரிய நான் காப்பாத்தின சரக்கு. உங்க வெள்ளத்துல நான் யாரையும் தள்ளல. உங்க கதவை அறுத்தேன், ஆமா. நல்ல மரம், அறுத்தேன். இன்னொரு தரம் கிடைச்சாலும் அறுப்பேன்."

மௌனம்.

அந்த மௌனம் அவளுக்குத் தெரிந்த மௌனம். சந்தையில், துறையில், அப்பாவின் மேஜைக்கு எதிரே எத்தனையோ பேர் அப்படி மௌனமாக இருந்து பார்த்திருக்கிறாள். அது கோபத்தின் மௌனம் இல்லை. விலையைச் சொல்லு, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற மௌனம். அதன் எதிரே வாயைத் திறக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும். பிறந்தது முதல் அவளுக்கு ஊட்டிய பாடம் அது ஒன்றுதான்.

சுடர் சாய்ந்தது. தண்ணீர் சொட்டியது. அவளைச் சுற்றி ஈரக் கம்பளி மூச்சு விட்டது. பின்னாலும். பக்கத்திலும்.

"சரி," என்றாள் ஒர்த்தான்ஸ், "உங்களுக்குக் கர்புவேகிட்டயிருந்து எடுத்தே ஆகணும்னா, என்கிட்ட எடுத்துக்கங்க. பீப்பாய் மேல கை வைக்காதீங்க. எடுத்ததைத் திருப்பி ஊத்தி, பழையபடி ஆக்கிக் குடுத்துட்டு, அப்புறம் வாங்க, என்கூட மோதுங்க. நான் எங்கயும் ஓடிப் போகல."

சவாலாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது எதிராளிக்கு வைத்த விலைபோல இருக்கிறதே என்று அவளுக்கே உறைத்தது.

துர்வாலில் பேரம் படிந்தால் காகிதம் வேண்டாம். ஒருவன் கையை நீட்டுவான், மற்றவன் அதில் தட்டுவான். தீர்ந்தது.

ஒர்த்தான்ஸின் வலது கை தன்பாட்டுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை திறந்து.

பட்.

குளிர்ந்த, நனைந்த, நகமில்லாத கை.

சுடர் அணைந்தது.

மறுநாள் காலை ஃபிர்மேன் கதவைத் திறந்தபோது வெளிச்சம் தாழ்வாரத்தில் நீண்டு வந்து அவள் செருப்பைத் தொட்டது. கூடை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் சுத்தியலோடு. தூங்கினாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உசிரோட இருக்கீங்களா?" சவரம் செய்த முகத்தில் இரண்டு இடத்தில் வெட்டு.

"லகார்த் வர்றதுக்குள்ள சாக எனக்கு என்ன பைத்தியமா?"

கடைசி வரிசையின் முதல் பீப்பாயை அவளே திறந்தாள். ஒயின் ஒரு விரல் ஆழம் குறைந்திருந்தது, குறைய வேண்டிய நேர்மையான அளவு. வளையங்களைத் தட்டி நகர்த்திப் பார்த்தான் ஃபிர்மேன். முளை இல்லை. பொத்தல் இல்லை. பொத்தல் இருந்த தழும்புகூட இல்லை. அவன் ஒவ்வொரு பீப்பாயாகத் தடவிக்கொண்டு போனான், சிரிக்கவும் பயந்து, சிரிக்காமலிருக்கவும் முடியாமல்.

"என்ன பண்ணினீங்க?"

"பேசினேன்."

அவன் கொண்டுவந்த ரொட்டியைக் கடித்தாள். ருசியே இல்லை. நனைந்த பஞ்சு. இரண்டாவது கடியில் பல்லிடுக்கில் நறநறத்தது. ரொட்டிக்காரன் மாவை அள்ளிய லட்சணம் என்று நினைத்துக்கொண்டு விழுங்கினாள்.

லகார்த் வந்தார். மெத்தென்ற கையை நீட்டினார், அவள் கையைத் தொட்டதும் அதைக் கொஞ்சம் சீக்கிரமாகவே திருப்பி எடுத்துக்கொண்டார்.

"என்ன மதாம், கை இப்படிச் சில்லுனு இருக்கு?"

"ஒயினுக்கு ஏத்த குளிர், முசியே. விக்கறவ கை சூடா இருந்தா சந்தேகப்படணும்."

கடைசி வரிசையில்தான் ஆரம்பித்தார். நல்ல வியாபாரி அப்படித்தான் ஆரம்பிப்பான். உறிஞ்சுக்குழாயால் எடுத்து, கிண்ணத்தில் விட்டு, மூக்கால் பார்த்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடினார். மூடிய கண்ணைத் திறக்க நேரமாயிற்று. அவர் துப்பவில்லை. விழுங்கினார். முப்பது கிண்ணம் துப்பிவிட்டுக் காரில் ஏறுகிற மனிதர், விழுங்கினார்.

"இது..." என்றார். பிறகு வியாபாரம் நினைவுக்கு வந்து முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "மோசமில்ல."

ஃபிர்மேன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஒர்த்தான்ஸைப் பார்த்துக் கண்ணடித்தான். ஜெயித்தாயிற்று. பெயர் கல்லிலேயே இருக்கும். லகார்த் ஒரு விலை சொன்னார். ஒர்த்தான்ஸ் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை மௌனத்தை அவளே கையில் வைத்திருந்தாள். அவர் கொஞ்சம் ஏற்றினார். அவள் பாறைக் கூரையைப் பார்த்தாள். அவர் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அவளுடைய கட்டைவிரல், பேரம் இனிக்கும்போதெல்லாம் செய்வதுபோல, தானாகப் போய், கைக்கு எட்டிய ஒரு வளையத்தின் ஓரத்தில் ஓட ஆரம்பித்தது.

பீப்பாய் எட்டும் தூரத்தில் இல்லை. விரல் ஓடியது அவள் இடுப்பின் தோல்வாரில்.

நின்றது.

"ஒரு நிமிஷம் முசியே," என்றாள்.

கடைசிப் பீப்பாய்க்குப் பின்னால் போனாள். அவர்கள் குரல் கேட்கும் தூரம்தான். ஃபிர்மேன் ஆற்று நீர்மட்டத்தைப் பற்றி ஏதோ சொல்ல, லகார்த் சிரித்தார். தோல்வாரை ஒரு விரல் அகலம் மேலே நகர்த்தினாள். அதன் அடியில், துணியில் ஒரு சின்ன வட்டத் துளை. துளைக்குள் தோலோடு தோலாக, வழவழவென்று, தட்டையாக.

பச்சை வில்லோ.

வலியே இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள்.

வந்தது.

ரத்தம் வரவில்லை. தண்ணீர் வந்தது. தெளிவாக, குளிராக, மெல்லிய ஒரு வளைகோடாக, பீப்பாயின் குழாயைத் திறந்ததுபோல. வெள்ளைத் தரையில் விழுந்து, சின்னக் குழி பறித்து, பொடி மணலை ஓரத்தில் ஒதுக்கியது. நாணல் வாசம். சேற்று வாசம். ஒரு விரல் நீளச் சின்ன மீன்குஞ்சு அதோடு வந்து விழுந்து தரையில் துள்ளியது.

நிற்கவில்லை.

முளையைத் திருப்பிச் செருகினாள். அழுத்தினாள். நின்றது. கட்டைவிரலை மறுபடி தோல்வாரின் ஓரத்தில் வைத்து, மெதுவாக, அப்பா கற்றுக்கொடுத்தபடி, சுற்றிலும் வாரை மேலே நகர்த்திக்கொண்டே போனாள். இன்னொன்று. இடுப்பு எலும்பருகே, ஒன்று. முதுகுப்பக்கம். இன்னொன்று. பக்கத்திலேயே இன்னொன்று. வரிசையில் நின்று, முண்டியடிக்காமல், ஆளுக்கொன்று.

முழுச் சுற்று.

உள்ளே எங்கோ, விலாவுக்குக் கீழே, ஆறு மெல்ல அலைந்து கரையில் மோதியது.

"மதாம்?" லகார்த்தின் குரல். "விலை சொல்லலையே நீங்க?"

ஒர்த்தான்ஸ் கர்புவே தோல்வாரை இறக்கி, எல்லா முளைகளையும் மூடும்படி சரிசெய்து, கொக்கியை ஒரு துளை தள்ளி இறுக்கினாள். துள்ளிக்கொண்டிருந்த மீன்குஞ்சைச் செருப்பால் மிதித்தாள். கல்சுவர்ப் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காத குரலில், "சரக்கைத் தொடல. பேச்சு மாறல நீங்க. அதுவரைக்கும் சரி," என்றாள். "ஆனா நான் இன்னும் காலியாகல."

பிறகு வெளிச்சத்துக்கு வந்தாள். நிமிர்ந்து, அகலமாக, வாசலுக்கு மேல் கல்லில் வெட்டிய பெயரின் சொந்தக்காரியாக. தான் சொல்ல நினைத்திருந்த விலையைவிட ஒரு பங்கு கூட்டிச் சொன்னாள். ஒரு சல்லியும் குறையாது என்றாள். வலது கையை லகார்த்தின் எதிரே நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். விரல் நுனிகளிலிருந்து ஒவ்வொரு சொட்டாக, தெளிந்த தண்ணீர் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால், இருட்டில், அவள் முதுகுக்கு மிக அருகில், டக் என்று ஒரு தட்டும், அதைத் தொடர்ந்து நிதானமாக, தொழில் தெரிந்த கை ஒன்று திருகத் தொடங்கும் சத்தமும் கேட்டன.

கிர்ர்.

அவள் கையை மடக்கவில்லை.